வெப்பநிலையைச் சொல்கிறீர்கள், புற ஊதாவையும் அளந்து சொல்லுங்கள்

பெறுநர்: சென்னை மண்டல வானிலை ஆய்வு மையத்தார், தமிழ்நாடு மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தார்

மதிப்புக்குரியீர், வணக்கம்.

தூத்துக்குடி மாவட்டத்து அரசுப் பள்ளி ஒன்றில் இயற்பியல் கற்பிக்கிறேன். என் மாணவர்களில் பலருடைய பெற்றோர் உப்பளத் தொழிலாளர்கள். அவர்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். என் கோரிக்கை இதுதான்: தமிழ்நாட்டுத் தரையில் விழும் புற ஊதாக் கதிரைக் கருவி வைத்து அளந்து, வெப்பநிலையையும் மழையளவையும் சொல்வதுபோல அந்த எண்ணையும் நாள்தோறும் மக்களுக்குச் சொல்லுங்கள்.

பக்கத்து மாநிலம் இதைத் தொடங்கிவிட்டது. 2025 கோடையில் கேரள மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையம், கருவிகளில் பதிவான புற ஊதாக் குறியீட்டை இடவாரியாக நாள்தோறும் வெளியிட்டது. மார்ச் மாதத்தில் பாலக்காடு, மலப்புறம் மாவட்டங்களில் அது 11-ஐத் தொட்டபோது சிவப்பு எச்சரிக்கை விடுத்தார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் வரையறையில் 11-உம் அதற்கு மேலும் மிகக் கடுமையான நிலை. பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டினால் கோயம்புத்தூர். சூரியனும், புற ஊதாவை வடிகட்டும் ஓசோனும் வாளையாற்றுச் சோதனைச் சாவடியைப் பார்த்து மாறிவிடுவதில்லை. ஆனால் அந்தப் பக்கம் வயலில் நிற்பவருக்கு ஓர் எண் கிடைக்கிறது. இந்தப் பக்கம் நிற்பவருக்கு உங்கள் அன்றாட அறிக்கையில் வெப்பநிலை கிடைக்கிறது, அந்த எண் கிடைப்பதில்லை.

அந்த வெப்பநிலையை வைத்துப் புற ஊதாவை ஊகிக்க முடியாது என்பதுதான் சிக்கல். நண்பகலில் ஒரு சதுர மீட்டர் தரையில் சுமார் 1000 வாட் வெயில் விழுகிறது. அதில் தோலைச் சிவக்க வைக்கும் பங்கை மட்டும் அதற்குரிய முறையில் எடையிட்டுக் கணக்கிட்டால், குறியீடு 12 ஆக இருக்கும் கொடுமையான நாளில்கூட அது 0.3 வாட்தான். குறியீட்டின் ஒவ்வொரு புள்ளிக்கும் 25 மில்லிவாட். அவ்வளவு சிறிய பங்கு உடம்பில் சூடாக உறைப்பதே இல்லை. கடல் உயரத்திலிருந்து ஆயிரம் மீட்டர் ஏறினால் புற ஊதா ஏறத்தாழ 10 விழுக்காடு கூடுகிறது. இரண்டாயிரம் மீட்டருக்கு மேல் இருக்கும் ஊட்டியிலும் கொடைக்கானலிலும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வெயிலில் நிற்பவர்கள், கீழே சமவெளியில் குடை பிடித்து நடப்பவர்களைவிட அதிகக் கதிரை வாங்கிக்கொள்ள நேரிடும். குளிர்ந்த காற்று அவர்களை ஏமாற்றுகிறது. எங்கள் கடற்கரையில் அதே வேலையைப் பிற்பகல் கடற்காற்று செய்கிறது.

காலக்கணக்கும் வேறு. கத்திரி வெயில் மே மாதத்தில் வருகிறது. ஆனால் சூரியன் தலைக்கு நேர்மேலே வரும் நிழலில்லா நாள் சென்னையில் ஏப்ரல் 24-ஐ ஒட்டி வருகிறது, பிறகு ஆகஸ்ட் 18-ஐ ஒட்டி மீண்டும் வருகிறது. தூத்துக்குடியில் ஏப்ரல் இரண்டாம் வாரத்திலும் ஆகஸ்ட் கடைசியிலும். கதிர் காற்றுமண்டலத்தைக் கடக்கும் தூரம் மிகக் குறைவாக இருக்கும் நாட்கள் அவை. நாம் டிசம்பரைக் குளிர்காலம் என்கிறோம். அப்போதும் சென்னையில் நண்பகல் சூரியன் அடிவானத்திலிருந்து 53 பாகை உயரத்தில் நிற்கிறது. ஒரு நாளுக்குள்ளேயும் இதே வேறுபாடு உண்டு. உள்மாவட்டங்களில் வெக்கை பிற்பகல் இரண்டு, மூன்று மணிக்கு உச்சம் அடைகிறது. புற ஊதாவோ பன்னிரண்டேகால் மணி வாக்கிலேயே உச்சிக்குப் போய்விடுகிறது. மேகம் குறுக்கிடாவிட்டால் காலை பத்தரை மணி வெயிலும் பிற்பகல் இரண்டு மணி வெயிலும் இந்தக் கணக்கில் ஏறத்தாழ ஒன்றுதான். "12 மணி முதல் 3 மணி வரை வெளியே வராதீர்கள்" என்ற அறிவுரையை நம்பிப் பத்தரை மணிக்கு விளையாட்டு விழா அணிவகுப்பை நடத்தும் பள்ளிகளை எண்ணிப் பாருங்கள்.

நம் தோல் கறுப்பு, இந்தக் கவலையெல்லாம் வெள்ளைத் தோல்காரர்களுக்கு என்று படித்தவர்களே என்னிடம் சொல்வதுண்டு. தோலைப் பொறுத்தவரை அதில் உண்மை இருக்கிறது, மெலனின் பெரிய கவசம். கண்ணுக்கு அந்தக் கவசம் கிடையாது. கண்புரைக்கும், வெண்படலத்திலிருந்து கருவிழி மேல் சதை வளர்வதற்கும் புற ஊதா ஒரு காரணம் என்பது மருத்துவம் ஏற்றுக்கொண்ட செய்தி. கழியில் பலகை பொருத்திய வாரியால் பாத்தியிலிருந்து உப்பை வரப்புக்கு இழுக்கும் பெண்ணைப் பாருங்கள். தலையில் துண்டு சுற்றியிருக்கிறார், முழுக்கைச் சட்டை போட்டிருக்கிறார். மேலிருந்து வரும் வெயிலுக்கு அது போதும். ஆனால் அவர் முகம் கீழே குனிந்திருக்கிறது. தேங்கிய உப்புநீரும் வெள்ளைப் படிகமும் கீழிருந்து மேலாகக் கதிரை அடிக்கின்றன. துண்டு அதைத் தடுக்காது. இடுங்கிய கண்ணும் சுருங்கிய நெற்றியுமாகவே அவர் வேலை முடியும்வரை நிற்கிறார். சந்தையில் விற்கும் மலிவான கறுப்புக் கண்ணாடி புற ஊதாவைத் தடுக்காததாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம். இருட்டில் கண்மணி விரிந்து கூடுதல் கதிரை உள்ளே விடும்.

செயற்கைக்கோள் இருக்கும்போது தரையில் கருவி எதற்கு என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்வி இது. 1978-இல் நிம்பஸ்-7, 2004-இல் ஆரா, 2017-இல் சென்டினல்-5பி என்று இந்தக் கண்காணிப்பில் அரை நூற்றாண்டை நெருங்குகிறோம். உலகம் முழுவதற்குமான ஓசோன் வரைபடம் அவற்றால்தான் நமக்குக் கிடைத்தது, அந்த உழைப்பை நான் வணங்குகிறேன். ஆனால் தரையில் விழும் புற ஊதாவை அவை நேரடியாக அளப்பதில்லை. பூமியிலிருந்து திரும்பிச் சிதறிவரும் ஒளியைப் பார்க்கின்றன. ஓசோன் அதிகமாக விழுங்கும் அலைநீளத்தையும் குறைவாக விழுங்கும் அலைநீளத்தையும் ஒப்பிட்டு ஓசோன் எவ்வளவு என்று கண்டுபிடிக்கின்றன. மேகம் எவ்வளவு, தரை எவ்வளவு எதிரொளிக்கிறது என்று மதிப்பிட்டு, மீதியைக் கணக்குப் போட்டுச் சொல்கின்றன. நம் கைப்பேசியில் வரும் எண்ணும் இத்தகைய கணக்கிலிருந்து பிறந்ததே.

அந்தக் கணக்கு எங்கே இடறுகிறது என்பது தெரிந்த விஷயம். தரையை ஒட்டித் தொங்கும் கரியும் புகையும் புற ஊதாவை விழுங்குகின்றன, விண்ணிலிருந்து அவை சரியாகத் தெரிவதில்லை. அதனால் மாசு மிகுந்த இடங்களில் செயற்கைக்கோள் சொல்லும் மதிப்பு தரையில் அளந்ததைவிட 50 விழுக்காடு வரைகூட மிகையாக இருந்திருக்கிறது. மறுபுறம், திட்டுத்திட்டாக வெண்மேகம் மிதக்கும் நாளில் மேகத்தின் விளிம்புகள் ஒளியைத் திருப்பியடிப்பதால், சில நிமிடங்களுக்குத் தெளிந்த வானத்தைக் காட்டிலும் அதிகப் புற ஊதா தரையில் விழும். சென்டினலும் ஆராவும் ஓர் ஊரைப் பகலில் பொதுவாக ஒரே முறை, ஒன்றரை மணி வாக்கில் கடக்கின்றன. அந்த நேரத்து மேகமே அன்றைய மேகம் ஆகிவிடுகிறது. ஆராவில் உள்ள கருவி பார்க்கும் ஒரு கட்டம் 13 கிலோமீட்டருக்கு 24 கிலோமீட்டர். தூத்துக்குடித் துறைமுகம், அனல்மின் நிலையத்துப் புகை, உப்பளம், உள்ளூர்ப் பனங்காடு எல்லாம் ஒரே எண்ணுக்குள் அடங்கிவிடும். பனி மூடிய நிலத்தை மேகம் என்று எடுத்துக்கொண்டு கணக்கு குறைவாகச் சொல்லிவிடும் சிக்கலும் உண்டு. பளீரென்ற உப்பு வெளியில் கணக்கு எப்படி நடந்துகொள்கிறது என்பதை அங்கேயே ஒரு கருவி நின்றுதான் சொல்ல வேண்டும்.

அப்படி நிற்கும் கருவிக்கு ஆள் வேண்டும். இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் வாங்கி மாட்டிவிட்டு மறந்துபோன கருவி தரும் எண் ஆபத்தானது. சாதாரணக் கண்ணாடி, புற ஊதாவில் தோலைச் சிவக்க வைக்கும் பகுதியான புற ஊதா-பியை மறைத்துவிடும் என்பதால் உணர்வியின் மேல் குவார்ட்ஸ் குமிழ் இருக்கும். கடலோரத்தில் அதன் மேல் உப்புப் படலம் படியும், காக்கை எச்சம் விழும். காலையில் மெல்லிய துணியால் துடைக்க வேண்டும். ரசமட்டம் பார்த்துக் கருவி சாயாமல் நிற்கிறதா என்று உறுதி செய்ய வேண்டும். உணர்வியின் கூர்மை ஆண்டுக்கு ஆண்டு மங்கும், ஆகவே ஒளியை அலைநீளவாரியாகப் பிரித்து அளக்கும் உயர்தர நிறமாலைமானியோடு அவ்வப்போது ஒப்பிட்டுத் திருத்த வேண்டும். இதற்கென்றே சுவிட்சர்லாந்தின் தாவோஸில் உலக அளவுத்திருத்த மையம் இயங்குகிறது. கருவி வாங்கும் தொகையோடு இந்தப் பராமரிப்புக்கும் ஆளுக்கும் சேர்த்து நிதி ஒதுக்குங்கள்.

இது உங்கள் துறைக்குப் புதிய வேலை அன்று. பாலக்காட்டுக் கல்பாத்தியில் பிறந்த கே.ஆர். ராமநாதன் உங்கள் துறையில் பணியாற்றியவர், ஓசோன் ஆய்வுக்காக உலகம் அறிந்தவர், பன்னாட்டு ஓசோன் ஆணையத்தின் தலைவராக இருந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து உங்கள் துறையில் பணியாற்றிய அன்னா மணி, 1957-58 பன்னாட்டுப் புவி இயற்பியல் ஆண்டையொட்டி இந்தியா முழுவதும் சூரியக் கதிர்வீச்சை அளக்கும் நிலையங்களை நிறுவ முன்னின்றார். ஓசோனை அளக்கும் பலூன் கருவியை நம் நாட்டிலேயே உருவாக்கியதிலும் அவருடைய உழைப்பு உண்டு. கொடைக்கானலில் டாப்சன் கருவி ஓசோனை அளக்கத் தொடங்கியதும் அந்தக் காலத்தில்தான். நம் வெப்பமண்டல வானத்தில் ஓசோன் இயல்பாகவே மெலிந்தது என்பதை இத்தகைய அளவீடுகளே நிலைநாட்டின.

பேரிடர் மேலாண்மை ஆணையத்தாருக்கு: 2024-இல் தமிழ்நாடு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெயிலில் உழைப்பவரை நினைத்து எடுத்த முடிவு அது. அடுத்த படியாக, கோவை, ஊட்டி, கொடைக்கானல், சென்னை, வேதாரண்யம், தூத்துக்குடி ஆகிய இடங்களிலாவது கருவிகளை வையுங்கள். குறியீட்டை மணிவாரியாகத் தமிழில் வெளியிடுங்கள், ஒரு நாளைக்கு ஒரே உச்ச எண் போதாது. குறியீடு எட்டைத் தாண்டும் மணிகளில் கட்டடப் பணிக்கும் நூறு நாள் வேலைக்கும் பள்ளி மைதானத்துக்கும் என்ன விதி என்பதைத் தொழிலாளர் துறையோடும் கல்வித் துறையோடும் பேசி முடிவு செய்யுங்கள். உப்பளத்தாருக்குப் புற ஊதாவைத் தடுக்கும் தரச்சான்று பெற்ற கண்ணாடி கொடுங்கள். நிமிடவாரியான மூலத் தரவை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி திறந்து வையுங்கள். செயற்கைக்கோள் கணக்கை நம் ஊருக்கு ஏற்பத் திருத்த விரும்பும் ஆய்வு மாணவர்களுக்கு அது தேவை.

தூத்துக்குடியில் கருவிக்கு இடம் தேடினால், எங்கள் பள்ளியின் மொட்டைமாடியில் நாற்புறமும் மரமோ கட்டடமோ மறைக்காத மூலை ஒன்று இருக்கிறது. தலைமையாசிரியரின் இசைவோடுதான் சொல்கிறேன். குமிழைத் துடைப்பதையும் ரசமட்டம் பார்ப்பதையும் பதினோராம் வகுப்பு மாணவர்களுக்கு நான் கற்றுத் தருகிறேன். விடுமுறை நாட்களில் நானே வந்து பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தூத்துக்குடி மாவட்டத்து இயற்பியல் ஆசிரியர் ஒருவர்