புக்கிட் தீமா ஸ்டேஷன் இருக்கிறது, அங்கே வேலை பார்த்தவர்கள் எங்கே?

ஆசிரியருக்கு வணக்கம்.

சிங்கப்பூரில் ரயில் ஓடாமல் போன பழைய புக்கிட் தீமா ரயில் நிலையத்தைப் புதுப்பித்து 2022 ஜூலை 1 அன்று திறந்ததிலிருந்து சனி, ஞாயிறுகளில் அங்கே கூட்டத்துக்குக் குறைவில்லை. சைக்கிளில் வருகிறார்கள், தண்டவாளத்தில் குழந்தையை நிற்க வைத்துப் படம் எடுக்கிறார்கள், ஊழியர் குடியிருப்பாக இருந்த இடத்தில் காப்பிக் கடை வந்துவிட்டது. நல்லதுதான், இடித்துத் தள்ளாமல் விட்டார்களே என்று எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் அங்கே உட்கார்ந்து பேசுகிறவர்களிடம் கேட்டுப் பாருங்கள், இந்த ஸ்டேஷன் எதற்காக இருந்தது என்று முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது.

1932ல் மலாயா ரயில் பாதையை மாற்றி தஞ்சோங் பகார் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனபோது கட்டிய சின்ன செங்கல் கட்டடம் இது. குதிரைப் பந்தயக் காலத்தில் ஈப்போ, கோலாலம்பூர், பினாங்கு என்று போய்வரும் குதிரைகளை இங்கேதான் ஏற்றி இறக்கினார்கள். 1960களின் நடுவில் ஜூரோங் தொழிற்பேட்டைக்குச் சரக்கு ரயில் விட ஒரு கிளைப் பாதை போட்டார்களே, அதுவும் இங்கிருந்துதான் பிரிந்தது. லாரிக்கு முன்னால் அது நிற்க முடியவில்லை, 1990களின் தொடக்கத்தில் மூடிவிட்டார்கள். சன்செட் வே பக்கம் கால்வாய்க்கு மேலே அதன் பழைய இரும்புப் பாலம் இன்னும் கிடக்கிறது.

அப்புறம் இந்த ஸ்டேஷனுக்கு மிச்சம் இருந்தது ஒரே வேலை, எதிரெதிரே வரும் ரயில்களுக்கு வழிவிடுவது. ஒற்றைத் தடம் என்பதால், போகலாம் என்ற அனுமதிக்கு அடையாளமான டோக்கன் கையில் இல்லாமல் ஓட்டுநர் அடுத்த பகுதிக்குள் நுழையக் கூடாது. அடுத்த ஸ்டேஷன் சம்மதித்தால்தான் அந்த டோக்கன் பெட்டியிலிருந்து வெளியே வரும், ஒரு நேரத்தில் ஒன்றுதான் வரும். அதைத் தோல் பையில் போட்டு, பெரிய வளையத்தில் மாட்டி, நடைமேடை ஓரத்தில் ஓர் ஊழியர் கையை நீட்டிக்கொண்டு நிற்பார், ரயில் வேகத்தைக் குறைக்கும், ஓட்டுநர் பழைய வளையத்தைக் கொடுத்துவிட்டுப் புதியதைக் கையில் மாட்டிக்கொண்டு போய்விடுவார். கொஞ்சம் பிசகினாலும் கையோடு போய்விடும். சிங்கப்பூரில் கடைசிவரை இது நடந்தது இங்கேதான், 2011 ஜூன் 30 இரவு வரை. அன்று ஜோகூர் சுல்தான் கடைசி ரயிலை ஓட்டிக்கொண்டு போனதை எல்லாரும் படம் எடுத்தார்கள், மறுநாளிலிருந்து ரயில் எல்லையோரம் உள்ள உட்லண்ட்ஸோடு நின்றுவிட்டது.

அந்த வளையத்தை நீட்டியவர் யார்? நான் எழுத வந்தது இதற்குத்தான். வெயிலில் நடந்து தண்டவாளத்தையும் கட்டையையும் பார்த்துப் பழுது நீக்கியவர்கள், மண்டாயிலும் கிராஞ்சியிலும் சாலையை மறித்து கேட் போட்டவர்கள், ஸ்பூனர் ரோடு ரயில்வே குவார்ட்டர்ஸில் குடும்பத்தோடு இருந்தவர்கள், இவர்களில் நம் ஆட்கள் எத்தனை பேர்! குவீன்ஸ்வே பக்கம் தண்டவாளத்தை ஒட்டி 1932ல் ரயில் தொழிலாளர்கள் குடிசை போட்டுக் கும்பிட்ட முனீஸ்வரன்தான் இன்று காமன்வெல்த் டிரைவில் பெரிய கோவிலாக இருக்கிறார். சாமிக்கு ஊர் அறிய கோபுரம் எழும்பிவிட்டது. கும்பிட்டவர்களின் பெயரைத்தான் நாம் எழுதி வைக்கவில்லை.

அரசாங்கம் செய்யட்டும் என்று சொல்லிவிடுவது சுலபம். தேசிய ஆவணக் காப்பகத்தில் வாய்மொழி வரலாற்று நிலையம் 1979லிருந்தே இருக்கிறது, பேச ஆள் கிடைத்தால் பதிவு செய்வார்கள். ஆளைக் காட்ட வேண்டியது நாம்தானே? 2011ல் குவார்ட்டர்ஸைக் காலி செய்தபோது பலர் ஜோகூருக்குப் போய்விட்டார்கள், அவர்கள் ரயிலை நடத்திய மலேசிய நிறுவனத்தின் ஊழியர்கள், வேறு எங்கே போவார்கள். இப்போது அவர்களைத் தேடி ஜோகூர் பாலம் தாண்டி மலேசியாவுக்குப் போக வேண்டும். பாலம் தாண்டிப் பெட்ரோல் போடவும் பரோட்டா சாப்பிடவும் நமக்கு நேரம் இருக்கிறதே, அந்தப் பயணத்தில் ஒரு மாமாவைப் பார்த்து ஃபோனில் அரை மணி நேரம் பேச்சைப் பிடித்துக்கொண்டு வந்தால் என்ன?

ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். வாரத்தில் ஒரு நாள், கால் பக்கம் ஒதுக்குங்கள். ரயில்வேயில் வேலை பார்த்த அப்பா, தாத்தா படம் வைத்திருப்பவர்கள் அனுப்பட்டும். எந்த ஸ்டேஷன், என்ன வேலை, எந்த வருஷம் என்று இரண்டு வரி போதும். அலமாரியைச் சுத்தம் செய்கிறேன் என்று காக்கிச் சட்டையோடு எடுத்த படங்களையெல்லாம் மூட்டை கட்டிக் கீழே போடுவதற்கு முன்னால் இதைச் செய்தால் நன்றாக இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
சுவா சூ காங்