தகப்பனுக்கு எந்தக் குறி?

ஆசிரியருக்கு,

என் பெறாமகள் தாதியர் பயிற்சியில் இரண்டாம் வருடம் படிக்கிறாள். எங்கே என்று எழுதவில்லை, எழுதினால் அவளுக்குத்தான் கரைச்சல். போன மாதம் வகுப்பில் எல்லாரையும் தங்கள் தங்கள் குடும்ப வரைபடத்தைக் கீறச் சொல்லியிருக்கிறார்கள். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், செத்தவர் என்றால் அதன்மேல் குறுக்குக்கோடு. பரம்பரை நோய்களைப் பார்க்க நல்ல முறைதான். இவள் தகப்பனுக்குச் சதுரத்தைக் கீறிவிட்டுப் பென்சிலை வைத்தபடியே இருந்திருக்கிறாள். 2009 மே மாதம், போர் முடிகிற நேரம், வட்டுவாகலில் இராணுவத்தின் கைக்குப் போய்ப் பிறகு ஒரு தகவலும் இல்லாத மனுசன், கோடு போடுவதா விடுவதா? 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் போராட்டம் தொடங்கியபோது பந்தலில் போய் இருந்தவள் இவளின் தாய். மகள் அந்தக் கோட்டைப் போட்டுவிட்டு வீட்டுக்கு எப்படிப் போவாள்?

கொப்பியை மூடிவிட்டு வெளியே எழும்பிப் போனவளை மற்றப் பிள்ளைகளுக்கு முன்னால் வைத்து ஏசியிருக்கிறார் ஆசிரியை. “இதுக்கே இப்படியென்றால் நாளைக்கு வார்ட்டில் என்ன செய்வாய்?”

கேள்வி நியாயமானதுதான். நானும் வார்ட்டில் காலம் தள்ளி ஓய்வு பெற்றவள், 2009 பெப்ரவரியில் புதுக்குடியிருப்பு வைத்தியசாலையை விட்டு வெளிக்கிட்டு மாத்தளன் பள்ளிக்கூடத்துத் தரையில் காயம் கட்டியவர்களோடு நின்றவள். நோயாளி முன்னால் தாதி உறைந்து போய் நிற்க ஏலாது. ஆனால் ஏசினால் அந்த உறைவு போகுமா? பழைய பயம் கிளம்பினால் நெஞ்சு படபடக்கும், கை குளிரும், சொல்வது காதில் விழும் ஆனால் மண்டைக்குள் ஏறாது. இதை மனநலப் பாடத்தில் நாங்களே நோயாளிகளைப் பற்றிப் படிப்பிக்கிறோம். வாங்கில் இருக்கும் பிள்ளைக்கு மட்டும் இது பொருந்தாதா?

பழைய கொடுமை மனதில் விட்டுப்போன காயத்தைத்தான் மனவடு என்கிறோம். மனவடு அறிந்து கற்பித்தல் என்று இதற்கு ஒரு முறையே இருக்கிறது. அமெரிக்க அரசின் மனநல சேவை நிறுவனமொன்று 2014 இல் ஒரு வழிகாட்டி வெளியிட்டது. மனவடு எவ்வளவு பரவலானது என்று உணருங்கள், அதன் அறிகுறியை அடையாளம் காணுங்கள், அதற்கேற்ப நடவுங்கள், மறுபடி காயப்படுத்தாதீர்கள் என்பதே அதன் சாரம். வன்னியில் இதை விளங்கப்படுத்த அமெரிக்கா வரத் தேவையில்லை, அது வேறு கதை.

சலுகை கேட்கிறேன் என்று நினைக்க வேண்டாம். வெடிகாயம் கட்டும் பாடத்தை விட்டுவிடச் சொல்லவில்லை, அதை அவள் படித்தே ஆகவேண்டும். காயத்தின் படத்தைத் திடீரென்று திரையில் போடாமல் முதல்நாளே “நாளைக்கு இது வரும், ஏலாதென்றால் ஐந்து நிமிடம் வெளியே நின்றுவிட்டு வாங்கோ, பாடத்தை என்னோடு இருந்து முடிக்கலாம்” என்று சொன்னால் போதும். கதவுக்குக் கிட்ட இருக்க விரும்புகிற பிள்ளையை ஏன் என்று கேட்காமல் இருக்க விடலாம். பிழை விட்டால் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லலாம், நோயாளியின் கட்டிலடியில் வைத்து அல்ல. இதற்கு ஒரு சதம் செலவில்லை.

அந்த ஆசிரியையில் எனக்குக் கோபம் இல்லை. அவரும் இந்த மண்ணில் பங்கருக்குள் இருந்து படித்து வந்தவராக இருக்கலாம், எங்கள் காலத்தில் எங்களையும் ஏசி ஏசித்தான் பழக்கினார்கள், அப்படித்தான் படிப்பிக்க வேண்டும் என்று நாங்களும் நம்பிவிட்டோம். அவர்களுக்கும் கதைக்க ஒரு உளவளத்துணையாளர் வேண்டும். மாணவருக்கு வைத்துவிட்டு ஆசிரியரை விட்டால் சரிவராது.

குடும்ப வரைபடத்துக்கு இனிமேல் ஒரு கற்பனைக் குடும்பத்தைக் கொடுங்கள். நானே எழுதித் தருகிறேன்: நீரிழிவுள்ள அம்மம்மா, பிரஷர் மாத்திரையை ஒளித்துவைக்கும் அப்பப்பா, குடிக்கிற மாமா, இழுப்பு வருகிற கடைக்குட்டி. பாடத்துக்குத் தேவையான நோய் எல்லாம் அதில் இருக்கும்.

ஓய்வுபெற்ற தாதி ஒருவர்,
கிளிநொச்சி.