டிக்கெட் இல்லாத குழந்தையும் ஓர் ஆள்தான்: படகுத்துறைக்கு ஒரு திறந்த மடல்

படகுத்துறை அலுவலர் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். வேலூர் சத்துவாச்சாரியிலிருந்து எழுதுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை பறவை பார்க்க வந்து, உங்கள் டிக்கெட் கவுன்ட்டரில் சத்தம் போட்டவன் நான்தான். எந்த ஏரி என்று இங்கே எழுதவில்லை. உங்களுக்குத் தெரியும், புகார்ப் புத்தகம் கேட்டதற்கு "சாவி மேனேஜர்கிட்ட இருக்கு" என்று சொன்னவருக்கும் தெரியும்.

விடியற்காலை நாலு மணிக்கே வேனில் கிளம்பி, புளிசாதமும் ஒரு டப்பா மக்கன்பேடாவுமாக வந்து சேர்ந்தோம். என் அம்மா காவேரிப்பாக்கம் ஏரிக்கரையில் வளர்ந்தவர், பறக்கிற தோரணையை வைத்தே நத்தைகுத்தி நாரை என்று சொல்லிவிடுவார். பேத்திக்குக் கூழைக்கடாவைக் கிட்டத்தில் காட்ட வேண்டும் என்பது அவர் ஆசை.

என் மகளுக்கு நாலு வயது. ஐந்துக்குக் கீழே கட்டணம் இல்லை என்றீர்கள், சந்தோஷம். படகில் ஏறும்போதுதான் அதன் அர்த்தம் புரிந்தது. "லைஃப் ஜாக்கெட் டிக்கெட்டுக்குத்தான் சார், குழந்தைக்குக் கணக்கில்ல." படகின் பக்கவாட்டில் 10 பேர் என்று பெயின்ட்டில் எழுதியிருக்கிறது. டிக்கெட் 10, டிக்கெட் இல்லாத பிள்ளைகள் நாலு, ஓட்டுபவர் ஒருவர். உங்கள் கணக்கில் மட்டும் அது 10.

நான் கத்திய பிறகு ஒரு லைஃப் ஜாக்கெட் வந்தது. பெரியவர்கள் போடுவது, முழங்கால் வரை தொங்கியது, கொக்கி ஒன்றுகூட இல்லை. என் மனைவி தன் துப்பட்டாவால் அவள் இடுப்பைச் சுற்றிக் கட்டினாள். உட்கார்ந்ததும் அது மேலே ஏறிக் காதை மூடி, கண்ணையும் மறைத்துவிட்டது. தண்ணீரில் விழுந்திருந்தால் ஜாக்கெட் மிதந்திருக்கும், பிள்ளை நழுவிக் கீழே போயிருக்கும். குழந்தைகளுக்கான ஜாக்கெட்டில் கால்களுக்கு நடுவே ஒரு பட்டை இருப்பது அதற்காகத்தான், இதை உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. முக்கால் மணி நேரம் சுற்றி இறங்கிய பிறகு, என்னம்மா பார்த்தே என்று பாட்டி கேட்டதற்கு அவள் சொன்ன பதில்: "ஆரஞ்சு கலர்."

நடுவில் யாரோ "அதோ கூழைக்கடா!" என்றதும் எல்லாரும் போனைத் தூக்கிக்கொண்டு இடது பக்கம் சாய்ந்தார்கள். படகோட்டி "உக்காருங்க, உக்காருங்க" என்று கெஞ்சினார், பாவம், அவர்மேல் எனக்குக் கோபமில்லை. 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்ததற்கு, விலங்குகளைப் பார்க்க ஒரே பக்கம் கூடியதும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. 2011 கிறிஸ்துமஸ் அன்று பழவேற்காட்டில் 22 பேர். 2023 மே மாதம் கேரளத்துத் தானூரில் இன்னொரு 22 பேர், அதில் பலர் குழந்தைகள். உங்கள் துறையில் இருப்பவர்களுக்கு இந்தத் தேதிகள் என்னைவிட நன்றாகத் தெரிந்திருக்கும்.

தண்ணீர் இல்லாத ஆறு என்று எங்கள் ஊரைக் கேலி செய்வார்கள். 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டபோது பாலத்தில் நின்று வேடிக்கை பார்த்ததுதான் எங்களுக்கும் தண்ணீருக்கும் உள்ள பழக்கம். வேனில் வந்த ஒருவருக்கும் நீச்சல் தெரியாது. "ஆழமே இல்ல சார், இடுப்பளவுதான்" என்று உங்கள் ஆள் சமாதானம் சொன்னார். யாருடைய இடுப்பு?

கேமராவுக்குக் கட்டணம் வாங்கினீர்கள், ரசீது கொடுத்தீர்கள், அதில் வரிசை எண்கூட இருக்கிறது. வேனுக்கும் ரசீது. கழிப்பறைக்குப் பூட்டு. நுழைவாயிலில் "உயிர்க்கவசம் கட்டாயம்" என்று புதுப் பலகை, அதற்குப் பக்கத்திலேயே செல்ஃபி எடுக்க ஒரு சிமென்ட் நாரை. அந்தச் சிமென்ட் செலவில் சின்ன ஜாக்கெட் எத்தனை வாங்கியிருக்கலாம்? சரி, விடுங்கள், கேட்க வந்தது அதுவல்ல.

கேட்பது இதுதான் ஐயா. கட்டணம் வேண்டுமானால் வாங்காதீர்கள், ஆனால் குழந்தையையும் ஓர் ஆளாக எண்ணுங்கள். படகில் எழுதியிருக்கிற 10 அவர்களையும் சேர்த்த 10ஆக இருக்கட்டும். அவர்கள் எடைக்கு ஏற்ற ஜாக்கெட், கொக்கியோடு, ஏறுவதற்கு முன்பே கையில் கிடைக்கட்டும். இலவசம் என்றால் கணக்கில் இல்லை என்று பொருள் அல்ல.

மாசியில் மறுபடி வருவதாக அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். அதற்குள் மகளுக்கு ஐந்து முடிந்துவிடும், டிக்கெட் எடுத்துவிடுவேன். அவள் தம்பிக்கு அப்போது இரண்டு வயது. தயவுசெய்து அவனையும் எண்ணிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
கேமரா ரசீதைப் பத்திரமாக வைத்திருக்கும் ஒரு அப்பா