சொத்துப் பட்டியல் சரி, அனுபவப் பட்டியல் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சட்டமன்றத் தேர்தல் வந்து வேட்புமனு தாக்கல் முடிந்தால் போதும், உங்கள் நாளிதழில் ஒரு பட்டியல் வந்துவிடும். யாருக்கு எத்தனை கோடி, எத்தனை கார், மனைவி பேரில் எத்தனை பவுன் என்று. நானும் காபி ஆறும்வரை அதைத்தான் படிப்பேன், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்த ஆள் இதற்கு முன் ஊருக்கு என்ன செய்தார், ஒரு வார்டு மெம்பராகவாவது இருந்திருக்கிறாரா என்று ஒரு வரி இருக்காது. உங்களை மட்டும் குறை சொல்ல முடியாது. வேட்பாளர் கொடுக்கும் படிவம் 26 பிரமாணப் பத்திரத்திலேயே சொத்து, கடன், வழக்கு, படிப்பு, தொழில் எல்லாம் கேட்கிறார்கள், பொது வாழ்வில் என்ன செய்தாய் என்பதற்கு ஒரு கட்டம் கிடையாது.

எங்கள் ஊர் பட்டுக்கோட்டை பக்கம். இங்கே இரண்டு முறை ஊராட்சித் தலைவராக இருந்தவர் ஒருவர். 2016 அக்டோபரில் உள்ளாட்சிப் பதவிக்காலம் முடிந்தது, தேர்தல் நடக்கவில்லை, தனி அலுவலர் வந்துவிட்டார். 2018 நவம்பரில் கஜா புயல். நான் அப்போது கிராம நிர்வாக அலுவலர். தென்னை எல்லாம் சாய்ந்து கிடக்கிறது, ரோட்டில் கால் வைக்க இடமில்லை, கரண்ட் இல்லை, போன் இல்லை. பதவியே இல்லாத இந்த மனிதர் ஒரு நாற்பது பக்க நோட்டோடு தெருத்தெருவாகப் போய் யார் வீட்டுக் கூரை போனது, எந்த வீட்டில் கைக்குழந்தை, யாருக்குச் சர்க்கரை மாத்திரை தீர்ந்துவிட்டது என்று எழுதி என் கையில் கொண்டுவந்து கொடுத்தார். என் பதிவேட்டில் இல்லாத புறம்போக்குக் குடிசைகள்கூட அதில் இருந்தன. கணக்கெடுப்பை அந்த நோட்டிலிருந்துதான் ஆரம்பித்தேன்.

அப்புறம் சட்டமன்றத் தேர்தலுக்குத் தன் கட்சியில் விருப்ப மனு போட்டார். கட்டணத்தைக் கடன் வாங்கித்தான் கட்டினார். நேர்காணலில் முதல் கேள்வியே, "எவ்வளவு செலவு பண்ணுவீங்க?" கட்சி பார்த்து ஏதாவது செய்தால் என்று இழுத்திருக்கிறார். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லையாம். சீட்டு, தொகுதிப் பக்கமே அதிகம் வந்திராத ஒரு பணக்காரருக்குப் போனது.

செலவு வரம்பு சட்டமன்றத்துக்கு 40 லட்சம். ஒரு தொகுதியில் இரண்டரை லட்சம் வாக்காளர் என்று வைத்தால் தலைக்கு 16 ரூபாய், ஒரு டீக்குச் சரி. அதற்குள் செலவு செய்ததாக எல்லோரும் கணக்குக் கொடுத்துவிடுகிறார்கள். கட்சி செய்யும் செலவுக்கோ வரம்பே இல்லை. 2016-ல் எங்கள் மாவட்டத்துத் தஞ்சாவூரிலும் அரவக்குறிச்சியிலும், அடுத்த வருஷம் ஆர்.கே. நகரிலும் பணம் கொடுத்தார்கள் என்று தேர்தலையே ரத்து செய்தது ஆணையம். ரத்து செய்து மறுபடி நடத்தியபோது என்ன மாறிவிட்டது?

2021-ல் ஜெயித்த எம்.எல்.ஏ.க்களில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் கோடீஸ்வரர்கள். (ரோட்டோரம் இரண்டு ஏக்கர் இருந்தாலே இன்றைக்குக் கோடீஸ்வரர்தான், அதையும் சொல்ல வேண்டும்.) அதே தேர்தலில் திருத்துறைப்பூண்டியில் குடிசையில் இருந்த இந்திய கம்யூனிஸ்ட் மாரிமுத்துவும், கந்தர்வகோட்டையில் கூலித் தொழிலாளியான மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் சின்னதுரையும் ஜெயித்தார்கள். இரண்டு பேரும் வருஷக்கணக்கில் விவசாயத் தொழிலாளர்களுக்காக அலைந்தவர்கள். ஆனால் அவர்களுக்குப் பின்னால் தி.மு.க.வின் பெரிய கூட்டணி இருந்தது. 2019 மக்களவைத் தேர்தலில் இந்த இரு இடதுசாரிக் கட்சிகளுக்கும் சேர்த்து 25 கோடி கொடுத்ததாகத் தி.மு.க.வே ஆணையத்தில் கணக்குக் காட்டியிருக்கிறது. அந்தத் தி.மு.க.வுக்குத் தேர்தல் பத்திரத்தில் (பேர் வெளியே தெரியாமல் கட்சிக்கு நன்கொடை கொடுக்க வங்கியில் வாங்கிய பத்திரம்) 509 கோடி கொடுத்தது கோவையைச் சேர்ந்த லாட்டரி நிறுவனம். தமிழ்நாட்டில் லாட்டரிக்கு 2003-லிருந்தே தடை! பத்திரத்தில் நாட்டிலேயே அதிகம் வாங்கியது பா.ஜ.க. பத்திரத்தில் யார் யாருக்குக் கொடுத்தார்கள் என்பது 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அந்தத் திட்டத்தை ரத்து செய்த பிறகுதான் நமக்கே தெரிந்தது.

அனுபவம் இருந்தாலே நல்லவர் என்று நான் சொல்ல வரவில்லை. நாலு முறை ஜெயித்து, சட்டமன்றத்தில் வாயே திறக்காதவர்களும் உண்டு, சிலருடைய அனுபவமே டெண்டரில்தான். ஒன்பது வருஷம் முதல்வராக இருந்த காமராஜரையே 1967-ல் விருதுநகரில் ஒரு மாணவர் தலைவரிடம் 1,285 ஓட்டில் தோற்கடித்தார்கள். மக்கள் புது ஆளைத் தேடிப் போனால் அது அவர்கள் உரிமை. இப்போதோ நம் கைக்கு வருவதற்கு முன்பே கட்சி ஆபீசில் வடிகட்டிவிடுகிறார்கள், சல்லடை பணம்.

அனுபவம் எங்கிருந்து வரும் என்றும் யோசியுங்கள். 2016-ல் முடிந்த நகராட்சி, மாநகராட்சிகளுக்கு 2022-ல்தான் தேர்தல் நடந்தது. அத்தனை வருஷமும் பள்ளிக்கூடத்தைப் பூட்டிவிட்டு, படித்த ஆள் கிடைக்கவில்லை என்றால் எப்படி?

அதனால் ஒரு வேண்டுகோள். சொத்து மதிப்புக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம் போடுங்கள். என்ன பதவி, எத்தனை வருஷம், ஏற்கெனவே எம்.எல்.ஏ. என்றால் சபையில் எத்தனை கேள்வி கேட்டார், தொகுதி நிதியை எதில் போட்டார். ஆள் பற்றாக்குறை என்பீர்கள், எங்கள் தொகுதிக்கு வேண்டுமானால் நான் திரட்டித் தருகிறேன், ஓய்வில் சும்மாதான் இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம நிர்வாக அலுவலர்,
பட்டுக்கோட்டை வட்டம்