காணாமை குறித்து மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

இங்கு அனைவரும் நலம். சித்தப்பா வீட்டுப் புதுமனை புகுவிழா நல்லபடியாக நடந்தேறியது. வந்தவர்கள் எல்லாம் உங்கள் இருவரையும் விசாரித்தார்கள். நன்றாக இருக்கிறார்கள் என்றே சொல்லிவைத்தேன். வேளைக்குச் சாப்பிடு.

மணிமேகலையின் 27ஆம் காதையை மறுபடியும் படித்துக்கொண்டிருக்கிறேன். வஞ்சி நகரில் அளவைவாதி அறியும் வழிகளான 10 அளவைகளையும், அறிவைக் கெடுக்கும் 8 குற்றங்களையும் அடுக்குகிறானே, அதில் இப்பியை, அதாவது சிப்பியை, வெள்ளியென்று கொள்வதும், நிற்பது தறியோ மகனோ, அதாவது நட்ட கட்டையோ மனிதனோ, என்று மயங்குவதும் சிறு வயதிலேயே உனக்கு மனப்பாடம். நீ கேட்ட கேள்விகளுக்கு விடை தேடி நான் இரவில் புத்தகம் புரட்டியதுண்டு. அந்தப் பெருமை இன்றும் குறையவில்லை. அப்படிக் கேட்டவள் இப்போது மருந்து சாப்பிட்டீர்களா என்பதோடு பேச்சை முடித்துக்கொள்வதுதான் மனத்தை உறுத்துகிறது.

இல்லாத ஒன்றை இல்லையென்று எப்படி அறிகிறோம் என்பதே இந்நாட்களில் என் சிந்தனை. தரையில் குடம் இல்லாததைக் கண்ணே காட்டிவிடும் என்பர் நியாயம் என்னும் தருக்க மரபினரான நையாயிகர். காணாமையே ஒரு தனி அளவை என்பது வேதப் பொருளை ஆராயும் மரபில் குமாரிலபட்டர் வழிவந்த மீமாம்சகர் கொள்கை. ஆனால் குடம் இருந்திருந்தால் கண்ணில் பட்டே இருக்கும் என்ற நிலையில்தான் அந்த அளவை செல்லும் என்றும், இருட்டில் காணாததை வைத்து இல்லையெனத் துணியலாகாது என்றும் அவர்கள் வரம்பு கட்டினார்கள். எனக்கு அவர்கள் பக்கமே நியாயமாகப் படுகிறது. நீ ஒன்றும் சொல்லாததால் உனக்கு ஒரு குறையும் இல்லை என்று அம்மா தேறிக்கொள்கிறாள். கைப்பேசித் திரையில் முகம் மட்டும் பார்க்கும் எங்களுக்கு உன் வீடு இருட்டறையல்லவா?

போன முறை நீ பேசியபோது உன் பின்னால் சுவரில் ஆணி மட்டும் இருந்தது. படம் மாட்டியிருந்த இடம் நிறம் மங்காமல் நீள்சதுரமாகத் தெரிந்தது. ஆவியோ பனியோ என்று ஐயம் தீராதபோதே அதைப் புகையாகக் கொண்டு நெருப்பு உண்டெனத் துணிவது குற்றம் என்று 29ஆம் காதையில் மணிமேகலைக்கு அறம் உரைக்கும் பௌத்தத் துறவி அறவண அடிகள் சொல்கிறார். ஆகவே நான் எதையும் துணியவில்லை. கண்ணாடி மாற்றக் கொடுத்திருப்பாய். அல்லது சுவருக்கு வண்ணம் பூசப் போகிறீர்கள்.

உள்ளதை நேரே அறிந்து, அறிந்தபடியே சொல்ல விரும்புபவரே ஆப்தர், அதாவது சொல்லை நம்பத்தக்கவர், என்பது நியாய உரைகாரர் வாத்ஸ்யாயனர் தரும் இலக்கணம். உன்னைப் பற்றி அறிய எனக்கு உன்னைவிட்டால் வேறு ஆப்தர் ஏது? உறவினர் சொல்லி நான் கேட்கும்படி விட்டுவிடாதே.

வேளைக்குச் சாப்பிடு, தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே. ஞாயிறு மாலை அம்மா கோயிலுக்குப் போய்விடுவாள். அந்த நேரத்தில் அழை. நான் மட்டும்தான் இருப்பேன்.

அன்புடன்,
அப்பா