பென்னிகுயிக்கை இரண்டாக உடைக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஜனவரி 15 வந்தால் முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய கர்னல் ஜான் பென்னிகுயிக்கின் பிறந்தநாள் செய்தியைத் தவறாமல் போடுகிறீர்கள். மகிழ்ச்சி. ஆனால் ஒரு பக்கத்தில் ‘பென்னி குயிக்’, இன்னொரு பக்கத்தில் ‘பென்னி குவிக்’ என்று பெயரை உடைத்து அச்சிடுகிறீர்கள். பென்னி அவர் பெயர், குயிக் அப்பா பெயர் என்று நினைக்கிறவர்கள் எங்கள் பக்கம் நிறைய. அவர் பெயர் ஜான். அப்பா பெயரும் ஜான்தான். 1849இல் சிலியன்வாலா போரில் மாண்ட ராணுவ அதிகாரி. இருவருக்கும் குடும்பப் பெயர் பென்னிகுயிக்.

அது ஓர் ஊரின் பெயர். ஸ்காட்லாந்தில் எடின்பரோவுக்குத் தெற்கே சுமார் 16 கி.மீ. போனால், நார்த் எஸ்க் ஆற்றங்கரையில் அந்த ஊர் இருக்கிறது. ஒரு காலத்தில் காகித ஆலைகளுக்குப் பேர்போனது. வேல்ஷ் மொழிக்கு உறவான ஒரு பழைய மொழி அங்கே வழங்கிய காலத்தில் வந்த பெயர், ‘குயில் குன்று’ என்று பொருள். எவ்வளவு அழகான பெயர்! அந்த நிலத்தை ஆண்ட குடும்பம் ஊர்ப் பெயரையே சூடிக்கொண்டது. எழுதியவர்கள் காதில் விழுந்தபடி எழுதியதால், ஒரே பெயருக்கு ஆங்கிலத்தில் நாலைந்து எழுத்துக்கூட்டல்கள் உண்டு. கொல்லரைக் குறிக்கும் ஸ்மித் போன்ற பெயர்கள் ஊருக்கு ஊர் தனித்தனியே முளைத்தவை. இதுவோ ஒரே ஊரிலிருந்து கிளம்பியது. பிரிட்டனிலேயே அரிதாக இருப்பதற்குக் காரணம் அதுதான்.

அங்கே ஊரை ‘பென்னிகுக்’ என்றுதான் உச்சரிக்கிறார்கள். அதற்காக நாமும் மாற்ற வேண்டும் என்று சொல்ல மாட்டேன். தேனி, கம்பம் பகுதியில் நன்றியோடு பிள்ளைகளுக்கே பென்னிகுயிக் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஸ்காட்லாந்துக் குடும்பப் பெயர் ஒன்று இங்கே பள்ளிக்கூட வருகைப் பதிவேட்டில் முதல் பெயராக இருக்கிறது. அந்த வடிவம் இனி நம்முடையது. சேர்த்து மட்டும் எழுதுங்கள், எல்லாப் பக்கத்திலும் ஒரே மாதிரி. அவர் பெயர் கொண்ட தேனி பேருந்து நிலையம் பற்றிய செய்திகளுக்கும் சேர்த்தே கேட்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
சின்னமனூர்.