கமன் ஏன் கல்லானது?

மதுரை
13.7.2025

அன்புள்ள சாந்திக்கு,

நலம். நீயும் வீட்டில் எல்லாரும் நலமா? அங்கே மெல்பர்னில் குளிர் நடுக்குகிறது என்று எழுதியிருந்தாய். இங்கே ஆடி பிறக்க நாலு நாள் இருக்கிறது. காற்று முந்திக்கொண்டு வந்துவிட்டது, மழையைத்தான் காணோம்.

உன் கடிதத்தில் பாதி, வலையில் பார்த்துச் செய்த பண்டங்களைப் பற்றிய புலம்பல். கமன், அதுதான் கடலை மாவை ஆவியில் வைத்துச் செய்யும் குஜராத்திப் பண்டம், கல்லாகி, மேலே சிவப்புப் புள்ளி விழுந்தது. கேக் நடுவில் குழிந்தது. அடுத்த வாரம் மெதுவாக வேகவைக்கும் மின்பானையில் ராஜ்மா போடப் போகிறாய். "எழுதினபடிதானேடீ செய்தேன்" என்கிறாய். எழுதினபடி செய்ததால்தான் கெட்டது. எழுதினவர் வைத்திருந்த கப்பும் மாவும் அடுப்பும் உன்னிடம் இல்லையே!

முதலில் கப். அமெரிக்கச் செய்முறைகளில் கப் என்றால் ஏறத்தாழ 240 மில்லி. உன் ஊர்க் கடையில் வாங்கும் அளவுக் கப் 250. ரைஸ் குக்கரோடு வரும் பிளாஸ்டிக் கப் 180 மில்லிதான். நம் ஊர் வீடியோக்களில் காட்டும் "ஒரு டம்ளர்" எது என்று எடுத்தவருக்கே வெளிச்சம். இதைவிட மோசம் டேபிள்ஸ்பூன். உலகத்தில் பெரும்பாலும் அது 15 மில்லி, ஆஸ்திரேலியாவில் 20. டீஸ்பூன் மட்டும் எங்கும் 5. ஆகவே உன் வீட்டு டேபிள்ஸ்பூனை ஒதுக்கி வைத்துவிட்டு, வெளிநாட்டுச் செய்முறையிலோ நம் ஊர்ச் செய்முறையிலோ ஒரு டேபிள்ஸ்பூன் என்று வந்தால் மூன்று டீஸ்பூனாக அளந்து போடு. ஆஸ்திரேலியச் செய்முறை என்றால் மட்டும் நாலு.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. கப் பெரிதானால் மாவும் தண்ணீரும் சேர்ந்தே பெரிதாகும், விகிதம் கெடாது. ஆனால் சோடா, உப்பு, ஈனோ (வயிற்று எரிச்சலுக்குத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் நுரைப்பொடி) எல்லாம் கரண்டிக் கணக்கு, அவை கப்போடு சேர்ந்து பெருகாது. அதனால்தான் பெரிய கப்பில் அளந்தால் பண்டம் கொஞ்சம் சப்பென்றும் கனமாகவும் வரும். அதற்கு மேல், மாவைக் கப்பில் அள்ளுவதே ஒரு சூதாட்டம். மைதாவைக் கரண்டியால் எடுத்து நிரப்பி மேலே வழித்தால் ஒரு கப் 120, 125 கிராம். கப்பையே பைக்குள் விட்டு அள்ளினால் 140, 150 வரை போகும். கடலை மாவு இன்னும் மோசம். சலித்ததும் அமுக்கியதும் ஒன்றாகவே இருக்காது. ஒரு டிஜிட்டல் தராசு வாங்கிவிடு. ஐந்து கிராமுக்குக் கீழே அந்தத் தராசை நம்பாதே. அங்கே டீஸ்பூனே மேல்.

இனி கமன். வலையில் "டோக்லா" என்று வருவதில் முக்கால்வாசி கமன்தான். குஜராத்திகளிடம் இரண்டும் வேறு: டோக்லா அரிசியும் பருப்பும் ஊறவைத்து அரைத்துப் புளிக்கவைத்தது, கமன் கடலையில் செய்வது. இன்று அவசரத்துக்குக் கடலை மாவைக் கரைத்து ஈனோ போட்டு ஊதவைக்கிறார்கள். புளிப்பு செய்ய வேண்டிய வேலையை ஈனோ செய்கிறது. இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

150 கிராம் கடலை மாவைச் சலித்துக்கொள். 15 கிராம் ரவை, சர்க்கரை 3 டீஸ்பூன், உப்பு முக்கால் டீஸ்பூன், அரைத்த இஞ்சி பச்சைமிளகாய் ஒரு டீஸ்பூன், எண்ணெய் 3 டீஸ்பூன், எலுமிச்சைச் சாறு 2 டீஸ்பூன், மஞ்சள்தூள் இரண்டு விரலால் எடுக்கும் அளவு, அவ்வளவுதான். 170 மில்லி தண்ணீரை மூன்று தவணையாக ஊற்றிக் கட்டி இல்லாமல் கலக்கு. கரண்டியைத் தூக்கினால் மாவு நாடாவாக விழுந்து, விழுந்த தடம் ஒரு நொடி நின்று மறைய வேண்டும். இட்லி மாவைவிடக் கொஞ்சம் தளர்வு. தேவைப்பட்டால் இன்னும் 10 மில்லி விடலாம். பத்து நிமிடம் மூடி வை, ரவை ஊறட்டும்.

அந்தப் பத்து நிமிடத்தில்தான் உன் கமன் கெட்டது என்று நினைக்கிறேன். ஈனோவையும் அப்போதே கலந்துவிட்டாய் அல்லவா? ஈனோவில் சமையல் சோடாவும் சிட்ரிக் அமிலமும் கிட்டத்தட்டப் பாதிக்குப் பாதி இருக்கிறது. தண்ணீர் பட்டவுடன் அவை ஒன்றையொன்று தின்று வாயு விடும். பத்து நிமிடத்தில் அந்த வாயு காற்றோடு போய்விட்டது. நீ ஆவியில் வைத்தது வெறும் களி.

ஆகவே இட்லிப் பானையில் தண்ணீர் தளதளவென்று கொதித்து, தட்டுக்கு எண்ணெய் தடவித் தயாராக இருக்கும்போதுதான் ஒரு பாக்கெட் ஈனோ, அதாவது 5 கிராம், மாவின்மேல் பரவலாகத் தூவி, அதன்மேல் ஒரு டீஸ்பூன் தண்ணீர் தெளித்து, ஒரே பக்கமாக முப்பது எண்ணும்வரை கலக்கு. அதற்குமேல் கலக்கினால் நுரை உடையும். உடனே தட்டில் ஊற்றி உள்ளே வை. 18 செ.மீ. தட்டு என்றால் மாவு ஒன்றரை செ.மீ. உயரம் நிற்கும், வெந்தால் இரட்டிக்கும். தட்டில் பாதிக்கு மேல் ஊற்றாதே, நடு வேகாது. மூடியில் துணி கட்டு, இல்லாவிட்டால் ஆவி நீராகச் சொட்டி மேலே பள்ளம் பள்ளமாகும். நல்ல தீயில் 15 நிமிடம். முதல் 12 நிமிடம் திறக்கவே கூடாது. எலுமிச்சை மணம் போட்ட ஈனோ வாங்கிவிடாதே, மருந்து வாடை அடிக்கும்.

சிவப்புப் புள்ளிக்கு மஞ்சள்தான் காரணம். காரம் (மிளகாய்க் காரம் இல்லை, சோடா, சுண்ணாம்பு போன்றது) பட்டால் மஞ்சள் சிவக்கும். ஆரத்தி கரைக்கும்போது சுண்ணாம்பு சேர்த்தால் சிவக்கிறதே, அதே கதை. புள்ளி புள்ளியாக விழுந்தால் ஈனோ சரியாகக் கலக்கவில்லை. முழுசும் செங்கல் நிறமாக வந்தால் சோடா மிஞ்சிவிட்டது. நீ இன்னொரு தடவை ஈனோ தீர்ந்துபோய் அதே ஒரு டீஸ்பூன் ஆப்ப சோடா போட்டதாக எழுதியிருந்தாய். அங்கே வந்தது இரண்டாவது வினை. ஈனோவில் சோடாவைச் சரிக்கட்டப் புளிப்பும் உள்ளேயே இருக்கிறது. ஆப்ப சோடாவில் இல்லை. வேறு வழியில்லாமல் சோடாதான் என்றால் அரை டீஸ்பூன் போதும். அதற்கு எலுமிச்சைச் சாறு 30 மில்லி வரை வேண்டும், அந்த அளவுக்குத் தண்ணீரைக் குறைத்துவிடு. நீ விட்டது ஒரு பழத்தின் சாறு, போட்டது அதைப்போல் இரு மடங்குக்குக் காணும் சோடா. சோப்பு வாடை வந்ததா என்று நீ எழுதவில்லை, ஆனால் வந்திருக்கும்.

தாளிப்பை அலங்காரம் என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். கமன் தொண்டையில் அடைப்பதற்கு அதுதான் காரணம். 2 டீஸ்பூன் எண்ணெயில் கடுகு, வெள்ளை எள், கீறிய மிளகாய், கறிவேப்பிலை, பெருங்காயம் பொரியவிட்டு, 80 மில்லி தண்ணீரும் 2 டீஸ்பூன் சர்க்கரையும் விட்டு ஒரு கொதி. கமனைத் துண்டு போட்டபிறகு வெட்டின இடுக்கெல்லாம் இறங்கும்படி மெதுவாக ஊற்று. பத்து நிமிடம் கழித்துச் சாப்பிட்டால்தான் அது பஞ்சு. இன்னொன்று: உன் ஊர்ப் பெரிய கடைகளில் "சிக்பீ மாவு" என்று விற்பது வெள்ளைக் கொண்டைக்கடலையை அரைத்ததாக இருக்கலாம். நம் கடலை மாவு கடலைப் பருப்பிலிருந்து வருவது. இரண்டும் தண்ணீர் குடிப்பது ஒரே மாதிரி இல்லை. இந்தியக் கடையில் "பேசன்" என்று கேட்டு வாங்கு.

சோளமாவு என்று வாங்குவதிலும் அங்கே கவனம் வேண்டும். பாக்கெட்டில் சோளமாவு என்றே எழுதி, உள்ளே கோதுமை ஸ்டார்ச் வைத்து விற்பதும் உண்டு. பின்பக்கத்தில் பொடி எழுத்தைப் படி. கோதுமை ஆகாதவர் வீட்டுக்கு வந்தால் இது வம்பில் முடியும்.

கேக் சங்கதி சுருக்கமானது. நீ வாங்கியது செல்ஃப் ரைஸிங் மாவு. அதில் பேக்கிங் பவுடர் ஏற்கெனவே கலந்திருக்கிறது. செய்முறை சாதா மைதாவுக்கு எழுதினது. நீ அதற்குச் சொன்ன பவுடரையும் போட்டாய். இரட்டை அளவு வாயு கேக்கை வேகமாகத் தூக்கும். மாவு வெந்து உறைவதற்குள் குமிழி உடைந்து நடு இறங்கிவிடும். அதோடு 350 டிகிரி என்று அவர்கள் எழுதுவது ஃபாரன்ஹீட். நமக்கு அது 177. உன் ஓவனில் ஃபேன் ஓடுகிறது என்றால் இன்னும் 20 குறைத்து 155, 160இல் வை. டின்னும் சின்னதாக இருந்தால்? 20 செ.மீ. வட்டத்துக்குச் சொன்னதை 15 செ.மீ. டின்னில் செய்ய முக்கால் பங்கு எடுக்கக் கூடாது. பரப்பு விட்டத்தின் வர்க்கக் கணக்கு, 225க்கு 400. பாதிக்குக் கொஞ்சம் மேலே எடுத்தால் போதும்.

ராஜ்மாவைத்தான் அழுத்திச் சொல்கிறேன். மெதுவாக வேகும் அந்தப் பானையில் ஊறவைத்த ராஜ்மாவை நேராகப் போடாதே. பச்சை ராஜ்மாவில் ஒரு நச்சு இருக்கிறது. நல்ல கொதியில்தான் அது அழியும். அந்தப் பானையின் சூடு அதற்குப் போதாது. அரைவேக்காடாக இருந்தால் நாலைந்து கொட்டையே வாந்தி பேதியில் கொண்டுபோய் விடும். இரவு முழுக்க ஊறவைத்து, ஊறின தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் அரை மணி நேரம் தளதளவென்று கொதிக்கவை. அதன்பிறகு எந்தப் பானையில் வேண்டுமானாலும் போடு. குக்கரில் வைத்தால் இந்தக் கவலையே இல்லை. தக்காளியும் புளியும் கொட்டை மெத்தென்று வெந்தபிறகுதான். முன்னே போட்டால் தோல் விறைத்துக்கொள்ளும்.

அந்தச் செய்முறையில் "ஐந்து விசில்" என்று போட்டிருந்தால் அதையும் நம்பாதே. விசில் என்பது தீயையும் குக்கரின் அளவையும் பொறுத்தது. பெரிய தீயில் ஐந்து விசிலும் ஆறு நிமிடத்தில் ஓடிவிடும். முதல் விசில் வந்ததும் தீயைச் சிறிதாக்கி நிமிடத்தை எண்ணு. ஊறின ராஜ்மாவுக்கு 15 முதல் 20 நிமிடம். நம் குக்கரில் அழுத்தம் ஏறினால் உள்ளே 120 டிகிரி வரும். மின்சாரக் குக்கர்கள் பலவற்றில் அழுத்தம் அதைவிடக் குறைவு. கால்வாசி நேரம் கூட வை.

பூண்டை எண்ணெயில் ஊறவைத்துச் சமையல் மேடையில் அழகாக வைப்பது என்று ஒன்று சுற்றுகிறது. அதைப் பார்த்தால் தாண்டிப் போய்விடு. எண்ணெய்க்கு அடியில் காற்று இல்லாத ஈரப் பூண்டில், நரம்பை முடக்கும் விஷத்தை உண்டாக்கும் கிருமி வளரும். மணத்திலோ நிறத்திலோ தெரியாது. செய்தால் ஃபிரிட்ஜில் வைத்து நாலு நாளுக்குள் தீர்த்துவிடு. நம் பூண்டு ஊறுகாயில் புளிப்பும் உப்பும் சேர்ந்து காவல் இருக்கின்றன. அது வேறு, இது வேறு.

அடுத்த தடவை கமன் செய்யும்போது தட்டின் விட்டம், மாவின் எடை, ஈனோ போட்டதிலிருந்து ஆவியில் வைத்தவரை எத்தனை விநாடி, இந்த மூன்றையும் குறித்து எழுது. குறுக்கே வெட்டின துண்டின் படமும் அனுப்பு. மேல்பக்கம் வேண்டாம், ஓட்டையெல்லாம் உள்ளேதான் தெரியும்.

அன்புடன்,
மீனா

பி.கு.: மைசூர்பாகு கேட்டிருந்தாய். இந்தக் குளிரில் தொடங்காதே. பாகு ஒரு கம்பிப் பதத்தைத் தாண்டுவது கண்ணிமைக்கும் நேரம். சில்லென்ற தட்டில் ஊற்றினால் பரப்புவதற்குள் இறுகிவிடும். செய்தே தீருவேன் என்றால் நெய் தடவிய தட்டை முதலில் வெந்நீர்ப் பாத்திரத்தின்மேல் வைத்துச் சூடாக்கிக்கொள்.